காரைக்குடியில் வாங்கிய பழைய வால்வு ரேடியோவில் டயல் விளக்கு எரிகிறது, ஆனால் உறுமல் மட்டும்தான் வருகிறது. எங்கே கோளாறு?

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வரும் செட்டுகள் பூட்டிக் கிடந்த வீடுகளில் பல வருஷம் தூங்கியவை. அவற்றை நேராகக் கரண்டில் மாட்டக்கூடாது.

பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாமல், யூஒய்85, யூஎல்84 மாதிரி 'யூ' வரிசை வால்வுகள் இருந்தால் சேசிஸிலேயே (பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டு) கரண்ட் இருக்கும். அனுபவமில்லாமல் தொடாதீர்கள்.

டிரான்ஸ்பார்மர் செட் என்றால் சந்தேகம் சப்ளையின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் ஃபில்டர் கண்டென்சர் மேல்தான். பெரும்பாலும் 32+32 மைக்ரோஃபாரட் அலுமினிய டப்பா. உள்ளிருக்கும் ஈரம் வற்றினால் உறுமும். ஆக்ஸைடு படலம் தேய்ந்தால் கரண்ட் கசிந்து, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வையும் டிரான்ஸ்பார்மரையும் சுட்டுவிடும். உறுமலைப் பொறுத்துக்கொள்ளலாம், கசிவைப் பொறுக்கவே கூடாது. டிரான்ஸ்பார்மரை மறுபடி சுற்ற ஆள் தேடி அலைய வேண்டிவரும்.

60 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் போட்டு (பல்பு வழியாகவே செட்டுக்குக் கரண்ட் போகும்படி), வால்வுகளை எல்லாம் எடுத்துவிட்டு செட்டைக் கரண்டில் மாட்டுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் டிரான்ஸ்பார்மர் நலம். பளிச்சென்று நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட்.

கண்டென்சரை மாற்றும் முன் 2.2 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரால் அதில் தேங்கிய சார்ஜை இறக்கி மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா பாருங்கள். டப்பாவை அப்படியே விட்டு, அதன் ஒயர்களைக் கழற்றி, சேசிஸுக்கு அடியில் 33 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் இரண்டு போடுங்கள். 'பெருசாப் போட்டா உறுமல் போயிரும்' என்று 100 போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஈஇசட்80 (EZ80) ரெக்டிஃபையருக்கு அடுத்து வரும் முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சார்ஜ் ஏறும் வேகத்தில் வால்வு போய்விடும். புதுக் கண்டென்சரின் நெகட்டிவ் முனை பழைய இடத்துக்கே போகட்டும். சில செட்டில் அது சேசிஸுக்குப் போகாமல், நேராக டிரான்ஸ்பார்மர் நடு முனைக்குப் போகும்; அந்த முனைக்கும் சேசிஸுக்கும் இடையில்தான் பயாஸ் ரெசிஸ்டர் (வால்வின் கிரிடுக்கு நெகட்டிவ் வோல்டேஜ் தருவது) இருக்கும்.

கூடவே ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிடுக்குப் போகும் 0.01 மைக்ரோஃபாரட் பேப்பர் கண்டென்சரையும் 630 வோல்ட் ஃபிலிம் வகையாக மாற்றுங்கள். அது கசிந்தால் வால்வின் தகடு சிவந்து சப்ளை மொத்தமும் தாழும். பழி ரெக்டிஃபையர் மேல் விழும்.

கடைசியாக, லைன் வோல்டேஜுக்கு ஏற்ப செட்டை மாற்றும் வோல்டேஜ் செலக்டர். 220-இல் இருந்தால் 250-க்கு மாற்றுங்கள். ராத்திரி லைனில் 245 வந்தால் வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டரில் 7 ஏறிவிடும்.