தர்பூசணி கோணலாகக் காய்ப்பது ஏன்? தேனீப் பெட்டி எப்போது வைக்க வேண்டும்?

கேள்வி: மரக்காணம் பக்கம் இரண்டு ஏக்கரில் தர்பூசணி பயிரிட்டுள்ளேன். பிஞ்சுகள் எலுமிச்சை அளவிலேயே மஞ்சளாகி உதிர்கின்றன. தங்கிய காய்களும் ஒருபுறம் சூம்பிக் கோணலாக இருக்கின்றன. உரக்கடையில் போரான் என்ற நுண்ணூட்டச் சத்தைத் தெளிக்கச் சொல்கிறார்கள். தேனீப் பெட்டி வைத்தால் பலன் கிடைக்குமா?

பதில்: போரான் வாங்குவதற்கு முன், கோணலான காய் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பருத்த பக்கத்தில் விதைகள் திரண்டும், சூம்பிய பக்கத்தில் வெள்ளையாகத் தட்டையாகவும் இருந்தால், மகரந்தச் சேர்க்கை போதவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். பெண் பூவின் நடுவே மகரந்தம் படியும் நுனியான சூலகமுடி மூன்று மடல்களாக இருக்கும். மூன்றிலும் சீராக மகரந்தம் படிந்தால்தான் காய் உருண்டு திரளும். இதற்கு ஏறத்தாழ ஆயிரம் மகரந்தத் தூள்கள் தேவை என்பதால், ஒரே பூவுக்குத் தேனீக்கள் எட்டு முறையாவது வந்து போக வேண்டும். பூவோ காலையில் விரிந்து பிற்பகலில் மூடிவிடும், மறுநாள் திறப்பதில்லை. கொடி தாங்க முடியாத பிஞ்சுகளைத் தானாகவே உதிர்ப்பதும் உண்டு. ஆகவே எல்லா உதிர்வுக்கும் தேனீக் குறைவே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்தியத் தேனீப் பெட்டிகள் ஏக்கருக்கு இரண்டு வீதம் நான்கு வைக்கலாம். முதலில் ஆண் பூக்களே வரும். அப்போதே பெட்டியை வைத்தால் தேனீக்கள் அக்கம்பக்கத்து வேறு பூக்களுக்குப் பழகிவிடும். எனவே பெண் பூக்கள் ஆங்காங்கே தலைகாட்டத் தொடங்கியதும், இரவில் வாசலை அடைத்துக் கொண்டுவந்து வையுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது தேன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அடையில் மூடப்படாத தேனீப் புழுக்கள் (தேனீக் குஞ்சுகள்) நிறைய உள்ள கூட்டத்தையே கேட்டு வாங்குங்கள். புழுக்களுக்கு ஊட்டவே மகரந்தம் வேண்டும் என்பதால், அத்தகைய கூட்டம்தான் மகரந்தத்தைத் தேடி அதிகமாக அலையும். பெட்டியை நிழலில் வைத்து, எறும்பு ஏறாதபடி தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, குடிநீரையும் அருகிலேயே வைத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் பலன் கெடுவது பெரும்பாலும் பூச்சிமருந்தால்தான். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்றவை செடிக்குள் ஊடுருவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேர்பவை. ஆகவே மாலையில் தெளித்தால் ஆபத்தில்லை என்ற எண்ணம் இவற்றுக்குப் பொருந்தாது. பூக்கும் பருவத்தில் இவற்றை வேரில் ஊற்றுவதையும் தவிர்த்துவிடுங்கள். வேறு மருந்து தவிர்க்க முடியாததாக இருந்தால், பெட்டிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, தேனீக்கள் கூடு அடைந்த பின் தெளிக்க வேண்டும்.

பெட்டி வந்து சேரும் வரை, காலை ஆறு முதல் ஒன்பது மணிக்குள் அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் மூன்று மடல்களிலும் மெல்லத் தடவிவிடுங்கள். சிறு காய் போன்ற சூலகம் பூவின் அடியில் இருந்தால் அது பெண் பூ. இரண்டு ஏக்கருக்கும் இப்படிச் செய்ய ஆள் கூலி கட்டாது. நல்ல வீரியமுள்ள கொடிகளில் மட்டும் செய்தால் போதும்.