வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும் அம்மா

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 62. கணவர் தவறிவிட்டார். குடியிருக்கும் வீடு என் பெயரில். டொங்காட்டில் ஒரு சின்ன ஃப்ளாட் உண்டு, மாதம் 3,500 ராண்ட் வாடகை வருகிறது. சொந்த வீடு இருந்தால் அரசு முதியோர் பென்ஷன் கிடைக்காது, மகன் பெயருக்கு மாற்றிவிட்டு மனுப் போடு என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பென்ஷன் கொடுக்கும் அரசு அமைப்பான சாசா (SASSA) சொத்தைப் பார்ப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழும் வீட்டை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அதன் விலை எவ்வளவு ஆனாலும் சரி. கணக்கில் வருவது டொங்காட் ஃப்ளாட்தான். அதன் மதிப்பில் பாண்டு, அதாவது வீட்டுக் கடன், பாக்கி இருந்தால் கழித்துக்கொள்வார்கள். 2024 ஏப்ரலில் வந்த வரம்புப்படி, தனி ஆளுக்குச் சொத்து 13,72,800 ராண்டையும் வருமானம் மாதம் 8,070 ராண்டையும் தாண்டக் கூடாது என்று இருந்தது. இந்த வரம்புகள் ஏறிக்கொண்டே வருகின்றன. உங்கள் வாடகை அதற்குள் அடங்குகிறது. வங்கி வட்டியையும் வருமானமாகவே எடுப்பார்கள். வருமானம் கூடினால் பென்ஷன் தொகை குறையலாம். வாடகையை மட்டும் மறைக்காதீர்கள், வங்கிக் கணக்கில் அது தெரிந்துவிடும்.

மகன் பெயருக்கு எழுதுவதுதான் எனக்குப் பயம். சும்மா கொடுத்தால் ஆண்டு விலக்குக்கு மேலுள்ள மதிப்புக்கு 20% நன்கொடை வரி, கொடுப்பவர் கட்ட வேண்டியது. பெயர் மாற்ற வக்கீல் செலவு வேறு. அதைவிடப் பெரியது ஒன்று. இந்த நாட்டில் முன் ஒப்பந்தம் இல்லாமல் கல்யாணம் செய்தால் கணவன் மனைவி சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். மகன் அப்படிக் கல்யாணம் செய்திருந்தால், அவர் பெயருக்குப் போன வீடும் அதில் சேரும். நாளை மகனின் தொழில் நொடித்தால், கடன்காரன் வந்து நிற்பது உங்கள் வாசலில். ஒரு பாட்டி பிஸ்கட் டப்பா நிறைய பத்திரங்களோடு என் மேசைக்கு வந்தார். எல்லாவற்றிலும் மகன் பெயர், வீடு ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மகனுக்குத்தான் என்றால் உயில் எழுதுங்கள், போதும்.

இப்போதே மனுப் போடுங்கள். பணம் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்காகும், தள்ளிப்போடும் மாதம் திரும்ப வராது. ஐடி, கணவரின் இறப்புச் சான்று, இரண்டு இடங்களின் ரேட்ஸ் பில் (நகராட்சி வரி பில்), வங்கி ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம் எல்லாம் கையில் இருக்கட்டும். மனுவுக்குக் கட்டணம் கிடையாது, யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.