குதிரைப் பாய்ச்சலுக்கு எந்த ஜூம் லென்ஸ்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் கேனான் ஆர்10 கேமராவும் 18-150 லென்ஸும் இருக்கின்றன. மகள் குதிரையேற்றம் பழகுகிறாள். தடைதாண்டும் போட்டிகளைப் படமெடுக்க ஆசை. கடைக்காரர் 100-400 வாங்கச் சொல்கிறார். நண்பரோ பழைய 70-200 எஃப் 2.8 போதும் என்கிறார். எதை வாங்கலாம்? – வாசகி, கோவை

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். லென்ஸில் எழுதியிருக்கும் பெரிய எண்ணை (எத்தனை மி.மீ. வரை இழுக்கும் என்பதை) பார்க்கும் முன் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் தடைக்கட்டைக்கும் எத்தனை மீட்டர் என்று காலடியால் அளந்துவிடுங்கள்.

குதிரை ஒரு மீட்டர் உயரத் தடையைத் தாண்டும்போது, கட்டையின் அடியிலிருந்து சவாரி செய்பவரின் தலைக்கவசம் வரை ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வந்துவிடும். குதிரை போகும் பக்கம் கொஞ்சம் வெற்றிடமும் வேண்டும். அதனால் சட்டகத்துக்குள் ஐந்தரை, ஆறு மீட்டர் அகலம் அடங்க வேண்டும். உங்கள் ஆர்10 போன்ற சிறிய சென்சார் கேமராவில் இதற்கான கணக்கு எளிது: மீட்டரில் அளந்த தூரத்தை 4-ஆல் பெருக்கினால் வேண்டிய மி.மீ. கிடைக்கும். 20 மீட்டருக்கு 80 மி.மீ., 50 மீட்டருக்கு 200 மி.மீ. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா என்றால் 6-ஆல் பெருக்க வேண்டும். அதே 50 மீட்டருக்கு 300 மி.மீ. ஆகிவிடும்.

பயிற்சிப் பள்ளி மைதானத்தில் வேலி ஓரம் நிற்கும்போது பெரும்பாலான தடைகள் 20 முதல் 50 மீட்டருக்குள்தான் இருக்கும். 70-200 அதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். 100-400-இல் 25 மீட்டருக்குக் கிட்டே வரும் தாவல்களில் தலைக்கவசமோ குளம்போ வெட்டுப்படும். தூரத்துப் படத்தைக் கணினியில் வெட்டிப் பெரிதாக்கலாம். கிட்டத்தில் வெட்டுப்பட்ட தலையை ஒட்ட முடியாது.

பழைய இஎஃப் 70-200-ஐ ஆர்10-இல் மாட்ட கேனானின் இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் வேண்டும். ஆட்டோஃபோகஸ் குறையாது. எஃப் 2.8 லென்ஸின் எடை ஒன்றரைக் கிலோவை நெருங்கும். மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இல்லாமல் கை அரை நாள் தாங்காது. எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம். காலை வெயிலில் மட்டுமே எடுப்பீர்கள் என்றால் எஃப் 4 வகையே போதும். அது 800 கிராமுக்குள்தான். 100-400 வீண் என்று சொல்லவில்லை. ஓட்டப்பந்தய மைதானத்தில் 100 மீட்டருக்கு அப்பால் ஓடும் குதிரைக்கு அதுதான் சரி.

கேள்வி: 70-300 வைத்திருக்கிறேன். மாலையில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் கால்கள் கரைந்து தெரிகின்றன. லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தும் ஏன் இப்படி? – வாசகர், சென்னை

பதில்: ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், குதிரையை நிறுத்தாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் பாயும் குதிரை 1/250 நொடிக்குள் கிட்டத்தட்ட ஏழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். முன்னால் வீசும் குளம்பு உடலைவிட வேகமாகப் போகும். ஷட்டர் வேகம் 1/1000 நொடி தேவை. பக்கவாட்டில் நாலுகால் பாய்ச்சல் என்றால் 1/1600.

அந்த வேகத்துக்கு வெளிச்சம் வேண்டுமே! 300 மி.மீ.-க்கு இழுத்ததும் உங்கள் லென்ஸ் எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடுகிறது. எஃப் 2.8-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 3200 போதும் என்ற இடத்தில் எஃப் 5.6-க்கு 12800 கேட்கும். எஃப் 8 ஆனால் 25600. குதிரையின் ரோமப் பளபளப்பு அதனால் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலில் மறைந்துவிடும். மாலைப் படங்கள்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் பணத்தை எஃப் 2.8-இல் போடுங்கள். அதுவரை பயிற்சியாளரிடம் கேட்டு வேலியை நெருங்கி நின்று, 70-100 மி.மீ.க்குள் எடுங்கள், அங்கே உங்கள் லென்ஸும் சற்றே அகலத் திறக்கும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். குதிரை மிரண்டால் விழுவது மேலே இருக்கும் பிள்ளை.

இன்னொன்று: சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். பல கேமராக்களில் சென்சார் வரிவரியாகப் படிப்பதால் நேரான கம்பம் சாய்ந்தும் கால்கள் வளைந்தும் பதிவாகும்.

கேள்வி: குதிரை மங்கல், பின்னால் இருக்கும் வேலி மட்டும் தெளிவு. கேனான் 75-300 லென்ஸ்தான் காரணமா? – வாசகர், திருச்சி

பதில்: பாதிக் காரணம் அதுதான். அந்த லென்ஸின் சாதாரண மோட்டார் ஓடிவரும் குதிரையைத் துரத்திப் பிடிக்காது. 70-300 ஐஎஸ் II-இல் இருக்கும் நானோ யுஎஸ்எம் மோட்டார் பிடிக்கும்.

மீதிப் பாதி அமைப்பில் இருக்கிறது. ஃபோகஸை ஏஐ சர்வோவில் (நகரும் பொருளைத் தொடர்ந்து பிடிக்கும் முறை) வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிடாமல் நடுவில் ஒரு சிறு தொகுதியை மட்டும் வைத்து, அதைச் சவாரி செய்பவரின் முழங்காலிலோ சேணத்தின் முன்பக்கத்திலோ நிறுத்துங்கள். ஒரே நிறக் குதிரையின் வழுவழுப்பான வயிற்றில் வைத்தால் பிடிமானம் கிடைக்காமல் ஃபோகஸ் வேலிக்குத் தாவும். லென்ஸில் ஃபோகஸ் எல்லையைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் கிட்டத் தூரத்தை அடைத்துவிடுங்கள்; தேடும் நேரம் குறையும்.

இப்போதைக்கு லென்ஸ் மாற்ற வழியில்லையென்றால், தடையின் மேல்கட்டையில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றி, எஃப் 8-இல் காத்திருங்கள். முன்கால்கள் தரையை விட்டதும் அழுத்துங்கள். முட்டி மடங்கிய நிலை கிடைக்கும்.

கேள்வி: ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போகிறோம். 70-200 எடுத்துப் போகலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: ஃபுல் ஃபிரேம் என்றால் சரி. சிறிய சென்சாரில் 18-135தான் நல்லது. குருநாதசாமி கோயில் கூட்டத்தில் நாலைந்து மீட்டருக்கு மேல் பின்வாங்க இடம் கிடைக்காது. ஆனால் குதிரையின் முகத்தருகே போய் 18-இல் எடுத்துவிடாதீர்கள். தலை பெருத்து உடல் சிறுத்துவிடும். இடம் கிடைக்கும்போது பத்து மீட்டராவது தள்ளி, குந்தி உட்கார்ந்து, கேமராவைக் குதிரையின் நெஞ்சு உயரத்துக்கு இறக்குங்கள். பின்னங்கால் வீச்சுக்குள் நிற்காதீர்கள், குடையைப் பக்கத்தில் விரிக்காதீர்கள். புழுதியில் லென்ஸ் கழற்றக் கூடாது.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர், தூத்துக்குடி

பதில்: கடலோரக் காற்றில் முதல் எதிரி பூஞ்சை. பின்மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தூசி இரண்டொன்று இருந்தால் பரவாயில்லை. பிறகு உங்கள் கேமராவில் மாட்டி, லென்ஸின் மிகச் சிறிய எஃப் எண்ணிலேயே வைத்து, எதிரே வரும் பைக்குகளைத் தொடர்ச்சியாக முப்பது படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி நம்பர் பிளேட்டைப் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் படிக்க முடியாவிட்டால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.