சிங்கப்பூரில் கார் ஸ்பார்க் பிளக்கை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா?

முடியும். சிலிண்டரில் பெட்ரோலை எரிக்கத் தீப்பொறி தருவதுதான் இந்த பிளக். என் பழைய டொயோட்டா வியோஸுக்கு நானே மாற்றினேன். முழு வேலையும் ஒன்றரை மணி நேரம். அதில் பாதி ஒரே ஒரு பிளக்கோடு மல்லுக்கட்டியதில் போனது.

சிஓஇ (வண்டி வைத்திருக்க உரிமை தரும் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் வண்டி. சிவப்பு விளக்கில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும். ஒருநாள் என்ஜின் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. விளக்கு சும்மா எரிவது வேறு, சிமிட்டுவது வேறு. சிமிட்டினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது, அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும் என்று அர்த்தம். அதை மாற்றும் செலவோடு பார்த்தால் நான்கு பிளக் விலை ஒன்றுமே இல்லை.

இடம்தான் முதல் தலைவலி. வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார்ப்பேட்டையில் கருவிப்பெட்டியை விரிக்காதீர்கள், அது அதற்கான இடமில்லை. நான் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் சித்தப்பாவின் தரைவீட்டுக்குப் போனேன். (சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்ட முக்கால் டாங்கி பெட்ரோல் வேண்டும், அது இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள்.) வெள்ளிக்கிழமை இரவு கடற்பாலத்தில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், சித்தப்பா ஸ்பேனரோடு வாசலில் நிற்கிறார். "காலையில பார்ப்போம் சித்தப்பா" என்று கும்பிடு போட்டேன். பிளக் உட்காரும் சிலிண்டர் ஹெட், அதாவது என்ஜினின் மேல்பகுதி, அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்துவிடும்.

காலையில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே பிளக்குக்கு மின்சாரம் தரும் நான்கு காயில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு 10 மிமீ போல்ட்டு. காயில் வயரின் கனெக்டர் கிளிப் பல வருடச் சூட்டில் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தியே எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். காயிலை உருவியதும், பிளக்கைத் தொடும் முன் குழிக்குள் கிடக்கும் மண்ணை ஊதி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் போகும்.

என் வண்டிக்கு 16 மிமீ சாக்கெட். உள்ளே ரப்பர் வைத்தது வாங்குங்கள், பிளக்கைக் கவ்விப் பிடிக்கும். மூன்று பிளக் சுலபமாக வந்தன. முனையில் இளம் பழுப்பு, அது நல்ல நிறம். மூன்றாவது சிலிண்டர் பிளக் மட்டும் அசையவில்லை. முன்பு மாற்றிய பட்டறைக்காரர் முழுப் பலத்தையும் காட்டியிருக்கிறார். கொஞ்சம் திரும்பி 'கிரீச்' என்றதும் கையை எடுத்துவிட்டேன். துரு நீக்கும் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, ஒரு தே தாரிக் குடித்து முடிக்கும்வரை அதைத் தொடவில்லை. பிறகு கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி வெளியே. அவசரப்பட்டிருந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டி வந்திருக்கும்.

புதிய பிளக்கைப் போடும்போது ராட்செட் கைப்பிடியைத் தூர வையுங்கள். சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் கம்பியும் மட்டும், விரலால் சுற்றுங்கள். கோணலாக ஏறினால் விரலுக்கே தெரிந்துவிடும். பிளக்கின் வாஷர் உட்கார்ந்த பிறகுதான் ராட்செட். 14 மிமீ மரை கொண்ட புதுப் பிளக்குக்கு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை போதும், என்ஜிகே நிறுவனத்தின் பிளக் பெட்டியிலேயே படம் போட்டிருக்கும். "இன்னுங் கொஞ்சம் இறுக்கு லா" என்று சித்தப்பா நச்சரித்தார். பட்டறைக்காரருக்கும் யாரோ இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இரிடியம் பிளக்கின் இடைவெளியைக் கம்பி விட்டு நோண்டாதீர்கள், முனை அவ்வளவு மெல்லியது. கீழே விழுந்த பிளக்கையும் போடாதீர்கள், பீங்கானில் முடி அளவு விரிசல் விட்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

உங்களுடையது சுபாரு பாக்ஸர் மாதிரி, சிலிண்டர்கள் படுத்திருக்கும் என்ஜின் என்றால் பிளக் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும், கை நுழையாது. அதைப் பட்டறைக்கே விடுங்கள்.

எல்லாம் பூட்டி ஸ்டார்ட் செய்தால் வண்டி முன்பைவிட மோசமாக உதறியது. எனக்கு வியர்த்துவிட்டது. சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மூணாவது கனெக்டரச் சொருகவே இல்லையேடா!"