வலி நின்றுவிட்டது, ஆனால் கிட்னி வீங்கியிருக்கிறதாமே?

கேள்வி: அம்மாவுக்கு வயது 52, முக்கூடல் பக்கம் வீட்டில் பீடி சுற்றுகிறார். மூன்று மாதத்துக்கு முன் இடது விலாவில் வந்த வலி நாலு நாளில் நின்றுவிட்டது, நாங்களும் விட்டுவிட்டோம். இப்போது வேறு விஷயமாக ஸ்கேன் எடுத்ததில் இடது கிட்னி வீங்கியிருக்கிறது, சி.டி.யில் சிறுநீர்க் குழாயில் கல். கிட்னி வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 0.9தான், நார்மல். அப்புறம் எதற்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள்? வாழைத்தண்டுச் சாறு போதாதா?

பதில்: வலி நின்றதுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. கல் விழுந்தாலும் வலி நிற்கும், கல் அங்கேயே உட்கார்ந்திருக்க, கிட்னி அந்த அழுத்தத்துக்குப் பழகிப்போனாலும் நிற்கும். உங்கள் ஊரில் குளம் பார்த்திருப்பீர்கள், வரத்து நிற்காமல் மடையும் மறுகாலும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறிக் கரையை நெருக்கும் அல்லவா, அதேதான்: சிறுநீர் பின்னுக்குத் தேங்கி, கிட்னியின் சதையை உள்ளிருந்து அழுத்தி, அங்கே போகிற ரத்தத்தையும் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மெலிய வைத்துவிடும்.

கிரியேட்டினின் இரண்டு கிட்னிக்கும் சேர்த்துப் பார்க்கிற கணக்கு. வலது நன்றாக இருந்தால் இடதின் வேலையையும் அதுவே இழுத்துக்கொண்டு போகும், ரத்தத்தில் ஒன்றும் தெரியாது.

சரி, எம்.ஆர்.ஐ. கல்லைத் தேட இல்லை. கல்லுக்கு சி.டி.தான் கெட்டி, எம்.ஆர்.ஐ.யில் அது வெறும் கறுப்பு இடைவெளி, சிறிய கல் கண்ணில் படாமலும் போகும். ஆனால் தேங்கிய சிறுநீர் மருந்து ஏற்றாமலே வெள்ளை வெளேரென்று தெரியும், சதை எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியும். கடோலினியம் மருந்தை ஊசியில் ஏற்றி, அது ஒவ்வொரு கிட்னிக்குள்ளும் போய் வெளியேறுவதைத் தொடர்ந்து படமெடுத்தால், மொத்த வேலையில் இடதின் பங்கு எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடலாம். காப்பாற்ற வேண்டிய கிட்னியா, வேலை முடிந்துபோன கிட்னியா என்று முடிவுசெய்ய அந்தக் கணக்கு வேண்டும். இதே பங்கை, லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கிற டி.டி.பி.ஏ. ஸ்கேனும் சொல்லும், அது போதுமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். கிட்னிக்குள் ஆக்சிஜன் குறைந்திருப்பதைக்கூட எம்.ஆர்.ஐ.யில் அளக்க முடியும், ஆனால் அது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி அளவில்தான்.

கடோலினியத்துக்குப் பயப்பட வேண்டாம். கிட்னி மிகவும் கெட்டுப்போனவர்களுக்குப் பழைய வகை மருந்துகளால் தோல் இறுகும் நோய் வந்ததுண்டு. அம்மா அந்த நிலையில் இல்லை.

படத்துக்குத் தேதி கிடைக்கவில்லை என்று அடைப்பை எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், அதுதான் எனக்குக் கவலை. முழு அடைப்பு வாரக்கணக்கில் நீண்டால் இழந்தது திரும்பாது. குளிர்காய்ச்சல் வந்தால் படமெல்லாம் அப்புறம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதலில் குழாய் வைத்துச் சிறுநீரை வடிய விடுவார்கள். வாழைத்தண்டு கூட்டு, பொரியல் தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் மூன்று மாதமாக நகராமல் சிக்கிக் கிடக்கிற கல்லைச் சாறு தள்ளிவிடாது.

உடம்பில் பேஸ்மேக்கர், கம்பி, பிளேட் எதுவும் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தாலியைக் கழற்ற அம்மா யோசித்தால் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போகட்டும்.