அச்சேறும் வரை அம்பி

கேள்வி: 'கன்ஸ் அண்ட் ரோஸஸ்' ராக் குழுவின் 'சைனீஸ் டெமாக்ரஸி' ஆல்பத்துக்கு முதலில் '2000 இன்டென்ஷன்ஸ்' என்றுதான் வொர்க்கிங் டைட்டில் வைத்திருந்தார்கள் என்று எங்கள் ரசிகர் வட்டத்தில் பாதிப் பேர் சொல்கிறோம். மீதிப் பேர் அது புரளி என்கிறார்கள். இது உறுதியான வதந்திதானே? ஆல்பம் அத்தனை வருடம் தாமதமானதற்குப் பெயர் மாற்றம்தான் காரணமா?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: 'உறுதியான வதந்தி' என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். இனிக்கிற பாகற்காய், காய்ந்த ஈரம் என்று நான் வைத்திருக்கும் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொண்டேன். சினிமா 'அப்டேட்' ஆசாமிகள் வாளையாறு செக்போஸ்ட் தாண்டிக் கடத்திவந்த சரக்கு இது. உறுதியாகிவிட்டால் அதற்குப் பெயர் செய்தி. வதந்தியே வேண்டும் என்றால் ஃப்ளீட்வுட் மேக் குழு 1977-ல் 'ரூமர்ஸ்' என்றே ஓர் ஆல்பம் போட்டிருக்கிறது, வாங்கிக் கேளுங்கள். அதற்கும் 'யெஸ்டர்டேஸ் கான்' என்றுதான் முதலில் பெயர். குழுவுக்குள் யார் யாரைப் பிரிந்தார், யார் யாரோடு பேசவில்லை என்று வெளியே ஓடிய கதைகளைப் பார்த்து, பேஸ் வாசித்த ஜான் மெக்வீ 'ரூமர்ஸ்' என்றார், அதுவே நிலைத்தது.

இனி அந்த 'வொர்க்கிங் டைட்டில்'. கிரந்த எழுத்தை ஒழி என்று மாதம் தவறாமல் எழுதும் திருத்தணி அன்பர் இதை 'பணித்தலைப்பு' என்று போடச் சொல்வார். ('கன்சு அண்டு ரோசசு' என்றும் போடச் சொல்வார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.) பாலக்காட்டுப் பக்கம் இதற்கு எப்போதோ சொல் இருக்கிறது: அம்பி. அதுவே உண்ணி, குட்டன், பாப்பா. பிறந்தவுடன் கூப்பிட ஏதாவது வேண்டுமே என்று வைப்பது. ஜாதகம் பார்த்து, தாத்தா பெயரா குலதெய்வம் பெயரா என்று இரண்டு வீட்டாரும் முறைத்துக்கொண்டு நிஜப் பெயர் வைக்கும்வரை ஓடும். சிலருக்கு அதற்குப் பிறகும் ஓடும். எழுபது வயசுப் பெரியவரைத் தேடிப்போய் ரேஷன் கார்டுப் பெயரைச் சொன்னால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 'ஓ, நம்ம குட்டனா' என்பார்கள். ஒலவக்கோட்டு ஸ்டேஷனுக்குப் பாலக்காடு ஜங்ஷன் என்று போர்டு மாட்டி எவ்வளவு காலமாச்சு? பழைய ஆட்கள் இன்னும் ஒலவக்கோட்டில்தான் இறங்குகிறார்கள்.

சர்க்காரும் அம்பிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறந்த 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஸ்கூலில் சேர்க்கும் அன்று காலையில் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் இந்த 12 மாதத்தைத் தவறவிட்டவர்கள்.

இப்போது உங்கள் ஆல்பத்துக்கு வாருங்கள். அதற்கு முந்தைய ஆல்பமான 'தி ஸ்பகெட்டி இன்சிடென்ட்?' வெளிவந்தது 1993 நவம்பர் 23. (அது முழுக்க அடுத்தவர் பாட்டு. சொந்தப் பாட்டுக் கணக்கு 1991-லேயே நின்றுபோனது.) 'சைனீஸ் டெமாக்ரஸி' வெளிவந்தது 2008 நவம்பர் 23. தேதிகூடப் பிசகாமல் 15 ஆண்டு. கொழிஞ்சாம்பாறைப் பஞ்சாயத்து ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும் தாமதக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு பதிந்திருப்பார்கள்.

ஆனால் இங்கே கதை தலைகீழ். குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் 1999-லேயே எம்டிவி பேட்டியில் 'சைனீஸ் டெமாக்ரஸி' என்று பெயரைச் சொல்லிவிட்டார். பெயர் வைத்து ஒன்பது ஆண்டு கழித்துப் பிள்ளை பிறந்தது. ஆகவே தாமதத்துக்குப் பெயர் காரணமில்லை. பெயர் ஒன்றுதான் அந்த ஆல்பத்தில் சீக்கிரம் முடிந்த வேலை. 2005-ல் 'நியூயார்க் டைம்ஸ்' போட்ட கணக்கில் அதுவரை ஆன செலவு 1.3 கோடி டாலர். அதில் தலைப்புக்கு ஆன செலவு பூஜ்யம்.

'2000 இன்டென்ஷன்ஸ்' என்று அவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, அந்தப் பெயரின் கோளாறு அதற்குள்ளேயே இருக்கிறது. தலைப்பில் ஆண்டைப் போடுவது பால் பாக்கெட்டில் தேதி போடுவது மாதிரி. 2001 ஜனவரியில் திரிந்துவிடும். தாமதிக்கிற பழக்கம் உள்ளவன் எண்ணை நம்பக் கூடாது.

ரசிகர் வட்டத்தில் தலைப்பு வதந்தி எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். பழைய ஸ்டுடியோவில் இரண்டு அங்குல அகல, 24 டிராக் டேப்பில் பதிவார்கள். ஒரு சுருள் 2,500 அடி. விநாடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் 16 நிமிடம் 40 விநாடிதான் பிடிக்கும். 70 நிமிட ஆல்பத்துக்கு ஒரே ஒரு டேக் எடுத்தாலே ஐந்து பெட்டி. பத்து டேக் எடுத்தால் ஓர் அலமாரி. ஒவ்வொரு பெட்டியிலும் குழுவின் பெயர், தேதி, சுருள் எண், வேகம், டேக் எண், பாட்டின் பெயர் எழுத வேண்டும். பாட்டுக்குப் பெயரே இல்லாவிட்டாலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. விட்டால் நாளைக்கு அலமாரியில் தேடிப்பிடிக்க முடியாது. அன்று மத்தியானம் என்ன சாப்பிட்டார்களோ அதையாவது எழுதிவைப்பார்கள். பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே' பாட்டே வரி கிடைக்கும்வரை 'ஸ்கிராம்பிள்ட் எக்ஸ்', அதாவது முட்டைப் பொரியலாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெட்டியைப் பார்த்து, பாட்டின் அம்பியை ஆல்பத்தின் அம்பி என்று சொல்லிவிடுகிறார். பாதி வதந்தி இந்தக் குழப்பத்தில் வருவது.

மீதிப் பாதி, சாட்சி என்று காட்டப்படும் படங்களால். இசைத்தட்டு தயாரிக்கும் வரிசையைத் தெரிந்துகொண்டால் ஏமாற வேண்டாம். முதலில் அரக்குப் பூசிய தட்டில் பள்ளம் வெட்டுவார்கள். அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி அச்சு எடுப்பார்கள். தட்டின் நடுப்பக்கம் பாட்டு முடிந்தபின் இருக்கும் மொட்டைப் பகுதியில் கீறுவது தட்டின் அடையாள எண்ணையும் எந்தப் பக்கம் என்பதையும்தான். வழக்கமாகத் தலைப்பு அங்கே இருக்காது. பிறகு சோதனைக்குச் சில தட்டுகள் அழுத்துவார்கள். அவற்றில் இருப்பது வெள்ளை லேபிள். அதில் பேனாவால் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். உங்கள் வட்டத்தில் யாராவது வெள்ளை லேபிள் படத்தைக் காட்டி 'இதோ ஆதாரம்' என்றால் பேனாவை வாங்கிப் பாருங்கள்.

தலைப்பு கெட்டிப்படுவது அச்சகத்தில். தட்டின் லேபிள் கடைசியில் பசை தடவி ஒட்டுவதில்லை. சூடான பிவிசி உருண்டையின் மேலும் கீழும் லேபிளை வைத்துச் சேர்த்தே அழுத்துகிறார்கள். அதனால் தட்டு அழுத்தும் முன்பே லேபிள் அச்சாகி, அடுப்பில் காய்ந்து தயாராக இருக்க வேண்டும். காகிதத்தில் ஈரம் இருந்தால் அழுத்தும் சூட்டில் கொப்புளித்துக் கிழியும். அந்த லேபிளும் உறையும் அச்சேறும் நாள்வரை எந்தத் தலைப்பும் அம்பிதான்.

பீச் பாய்ஸ் குழுவின் கதை இதைவிட வேடிக்கை. 1966-ல் 'டம் ஏஞ்சல்' என்று ஆரம்பித்து 'ஸ்மைல்' என்று மாறிய ஆல்பம் அது. கேப்பிடல் இசைத்தட்டுக் கம்பெனி நாலு லட்சத்துக்கும் மேல் உறை அடித்துவிட்டது. பாட்டு வரிசை முடிவாகாததால் உறையின் பின்புறம் 'சரியான வரிசைக்கு லேபிளைப் பார்க்கவும்' என்றும் போட்டது. லேபிள் வரவே இல்லை. 1967-ல் ஆல்பத்தையே கைவிட்டார்கள். அந்தப் பதிவுகள் முறையாகத் தொகுத்து வெளிவந்தது 2011-ல். தலைப்பு உறுதி, உறை உறுதி, பாட்டு மட்டும் பாக்கி.

பதிவு பண்ணிவிட்டார்கள், வேறு யாரும் அந்தப் பெயரைத் தொட முடியாது என்று அடுத்த வதந்தி வரும். ஒற்றைப் படைப்பின் தலைப்பை அமெரிக்க வணிகச்சின்ன அலுவலகம் பதிவதில்லை. பதிவு விண்ணப்பம் ஒன்று கண்ணில் பட்டால் எந்த வகுப்பு என்று பாருங்கள்: 9 என்றால் ஒலிப்பதிவு, 25 என்றால் துணிமணி, 41 என்றால் கேளிக்கை. வெறும் 25 என்றால் டி-ஷர்ட் வரும், பாட்டு வரும் என்று அர்த்தமில்லை. பெயர் பொதுச்சொத்து என்பதால்தான் 2003-ல் 'தி ஆஃப்ஸ்பிரிங்' குழு, 'எங்கள் அடுத்த ஆல்பத்தின் பெயர் சைனீஸ் டெமாக்ரஸி, தூங்கினவன் கன்று கடாக்கன்று' என்கிற ரீதியில் ஆக்ஸலைச் சீண்டியது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. விளையாட்டு என்று சொல்லிவிட்டு 'ஸ்ப்ளின்டர்' என்று வெளியிட்டார்கள். பிங்க் ஃப்ளாய்ட் குழுவுக்கு இதே தலைவலி நிஜமாகவே வந்தது. 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்று அவர்கள் வைத்திருந்த பெயரில் 1972-ல் 'மெடிசின் ஹெட்' முந்திக்கொண்டு ஓர் ஆல்பம் போட்டுவிட, தங்களுடையதை 'எக்லிப்ஸ்' என்று மாற்றினார்கள். முந்தியது விலைபோகவில்லை, 1973-ல் பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

'குழுவே சொன்னால் உறுதிதானே' என்று மடக்குவீர்கள். 2001-ல் 'டூல்' குழுவே சொன்னது: ஆல்பத்தின் பெயர் 'சிஸ்டமா என்செஃபல்', இதோ பன்னிரண்டு பாட்டுகளின் பெயர் என்று. பட்டியல் முழுக்கப் பொய். நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வுத் தளத்தில் திருட்டுப் பாட்டு தேடுகிறவர்களை அலையவிட்டுவிட்டு 'லேட்டரலஸ்' என்று வெளியிட்டார்கள். உங்கள் மொழியில் அதுதான் உறுதியான வதந்தி.

நம் சினிமாக்காரர்களை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மெச்சுவேன். 'தலைவர் 171' என்று எண் போட்டு ஓட்டிவிடுகிறார்கள். எண்ணைப் பற்றி வதந்தி கிளப்ப முடியாது. 2006-ல் தமிழ்ப் பெயருக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று அறிவித்ததும் 'ஜில்லுனு ஒரு காதல்' ஒரே ராத்திரியில் 'சில்லுனு ஒரு காதல்' ஆனது. திருத்தணி அன்பருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே வெற்றி அது.

2008 மார்ச்சில் டாக்டர் பெப்பர் என்ற குளிர்பானக் கம்பெனி, அந்த ஆண்டுக்குள் ஆல்பம் வந்தால் அநேகமாக அமெரிக்கர் எல்லாருக்கும் ஒரு கேன் இலவசம் என்று பந்தயம் கட்டியது. வந்தேவிட்டது! கூப்பன் வாங்கக் கூடிய கூட்டத்தில் அவர்களுடைய தளம் படுத்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பிளாச்சிமடையில் 2000-ல் தொடங்கிய குளிர்பான ஆலை நிலத்தடி நீர்ப் போராட்டத்துக்குப் பின் 2004-ல் நின்றது. அந்தப் பக்கத்து ஆட்களிடம் போய் 'இலவசக் குளிர்பானம்' என்று சொல்லிப் பாருங்கள்.

அதே 2008-ல் கேரளத்தில் 'அவியல்' என்ற ராக் குழு 'அவியல்' என்றே ஆல்பம் போட்டது. குழுவின் பெயரே தலைப்பு, வதந்திக்கு வழியில்லை. ஆக்ஸலிடம் பதினைந்து ஆண்டில் கித்தார்காரர்கள் மட்டும் எத்தனை பேர் வந்து போனார்கள்! காய் அதிகமானது குற்றமில்லை. எந்தக் காய் எப்போது என்பதில் கோட்டை விட்டால் அவியல் கூழாகும். அரைக் கிலோ காய்க்குச் சேனையும் வாழைக்காயும் முதலில், முருங்கைக்காய் பிறகு, இளவன் (வெள்ளைப் பூசணி) கடைசியில். தண்ணீர் கொஞ்சமாக, இளவனே விடும். ஒரு மூடித் தேங்காய், நாலு பச்சைமிளகாய், அரை ஸ்பூன் சீரகம் கொரகொரவென்று. அரைக் கப் புளித்த தயிரை அடுப்பைத் தணித்த பிறகு ஊற்ற வேண்டும், கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்து தண்ணீர் தனியே நிற்கும். இறக்கியதும் கறிவேப்பிலை, பச்சைத் தேங்காயெண்ணெய் இரண்டு ஸ்பூன். தாளிக்கக் கூடாது. கடலெண்ணெயில் கடுகு தாளித்து அவியல் என்று பெயர் சூட்டும் கோயமுத்தூர் வாசகிகளுக்கு அடுத்த இதழில்.