ராட்டினக் குதிரையின் கால் முறிவது ஏன்?

கேள்வி: திருவிழாக்களில் ஓடும் எங்கள் குடைராட்டினத்து மரக்குதிரைகளுக்குக் கால்தான் முதலில் முறிகிறது. ஆணி அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: முறிந்த இடத்தில் மரத்தின் நார் ஓட்டத்தைப் பாருங்கள். காலுக்குக் குறுக்கே ஓடினால் எத்தனை ஆணி அடித்தாலும் பயனில்லை. 1867இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ராட்டினப் பட்டறை தொடங்கிய குஸ்தாவ் டென்ட்சல் போன்றோரின் மரபில், குதிரையின் உடல், பலகைகளை ஒட்டிச் செய்த வெற்றுப் பெட்டி. முழுக்கட்டை காயும்போது வெடித்துவிடும். கால்களையோ நார் நீளவாக்கில் ஓடத் தனியே செதுக்கிப் பொருத்தினார்கள். எவ்வளவு நுட்பமான வேலை!

ஆணியைக் கழற்றுங்கள், கடற்காற்றில் துருவேறி மரத்தையும் அரிக்கும். பழைய பசையைச் சுரண்டி, முறிந்த இரு துண்டுகளிலும் துளையிட்டு, காய்ந்த வைரம் பாய்ந்த மரத்தின் முளைக்குச்சியை எபொக்சிப் பசை பூசி இறக்குங்கள். இறுக்கிக் கட்டி 24 மணிநேரம் விடுங்கள். மாரிக்கு முன் குளம்பின் அடியிலும் வர்ணம் பூச வேண்டும், ஈரம் ஏறுவது அங்கேதான்.